கேள்வி பதில்: லண்டன் கடை ஜன்னலில் தொங்கிய கேலிப் படங்கள்

சென்ற இதழில் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் ‘ஜின் லேன்’ படத்தைப் போட்டு நாலு வரி எழுதியிருந்தேன்: ஜின் என்ற சாராயத்தால் ஒரு தெருவே சீரழிகிறது, நடுவில் படிக்கட்டில் போதையில் இருக்கும் ஒரு தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அதையொட்டி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கேலி அச்சுப்படங்களுக்கே ஒதுக்குகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

குழந்தையைத் தவறவிடும் அந்தத் தாயைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. லண்டன் நிஜமாகவே அப்படி இருந்ததா, இல்லை ஓவியர் மிகைப்படுத்திவிட்டாரா?
*– பள்ளி ஆசிரியை, மதுரை*

இரண்டும்தான். படம் 1751-இல் வந்தது. இடம் செயின்ட் ஜைல்ஸ், அன்றைய லண்டனில் பரம ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதி. பின்னால் தெரிகிற கோபுரம் ப்ளூம்ஸ்பெரியில் இன்றும் நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துடையது, ஆக லண்டன்காரர் எவருக்கும் இது எந்த வட்டாரம் என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும். நடுவில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்து அதிர்ந்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள், ஓரங்களுக்குப் போங்கள். இடது பக்கம் ஓர் அடகுக்கடை. ஒரு தச்சர் தன் ரம்பத்தையும் கோட்டையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் ஒரு பெண் சமையல் பாத்திரங்களை நீட்டுகிறாள். ரம்பம் போனால் நாளைக்கு வேலை இல்லை, பாத்திரம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு குடும்பம் எந்த வரிசையில் சரிகிறது என்பதை ஒரு கடை வாசலில் நிற்கும் இரண்டே பேரை வைத்துச் சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் மூன்று தொழில்தான் செழிப்பாக நடக்கிறது: அடகுக்கடை, சாராயக்கடை, சவப்பெட்டிக்கடை. வலது பக்கம் மேலே, இடிந்த கட்டடத்துக்குள் ஒரு நாவிதர் தூக்கில் தொங்குகிறார். கீழே ஒரு தாய் கைக்குழந்தை வாயில் ஜின்னை ஊற்றுகிறாள்.

அந்தத் தாய் கற்பனை என்றாலும் அப்படிப்பட்ட செய்தி லண்டனுக்குப் புதிதில்லை. 1734-இல் ஜூடித் டுஃபூர் என்ற பெண், ஏழைகளுக்கான வேலை விடுதியில் புதுத் துணி உடுத்தி வைத்திருந்த தன் இரண்டு வயதுக் குழந்தையை வெளியே அழைத்து வந்து, கழுத்தை நெரித்துவிட்டு, அந்தத் துணியை விற்ற 16 பென்ஸில் ஜின் குடித்தாள். வழக்கு நடந்தது, தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவி, ஜின்னுக்கு எதிராகப் பேசிய எல்லோருக்கும் கையில் கிடைத்த உதாரணமாகிவிட்டது.

மிகை எங்கே இருக்கிறது என்றால், காலத்தில் இருக்கிறது. ஜின் குடி உச்சத்துக்குப் போனது 1743 வாக்கில். வரி கட்டிய சாராயம் மட்டுமே அந்த ஆண்டு சுமார் 80 லட்சம் காலன். 1751-இல் ஹோகார்த் படம் போடும்போது அது ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தது. 1736-இல் அரசாங்கம் ஒரு கடுமையான சட்டம் போட்டது, சில்லறை விற்பனைக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம். யார் கட்டுவார்கள்? கள்ளத்தனமாக விற்றார்கள், ஊரில் கலவரம் ஆயிற்று, 1743-இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1751 சட்டம் கொஞ்சம் நிதானமானது, காய்ச்சுபவர்கள் நேரடியாகச் சில்லறையில் விற்பதைத் தடுத்தது. அதோடு அடுத்த சில ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்து, தானியத்தைச் சாராயத்துக்குப் பயன்படுத்துவதையே நிறுத்திவைத்தார்கள். குடி குறைந்ததற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம், ஒரு படம் மட்டும் இல்லை.

எனக்கு இந்தப் படத்தின் மேல் ஒரு வருத்தம் உண்டு. தானியத்துக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பல ஆண்டுகள் சாராயம் காய்ச்சுவதை ஊக்குவித்தது நாடாளுமன்றமே, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள். படத்தில் அவர்கள் யாரும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது ஓர் ஏழைப் பெண், பழி முழுவதும் அவள் மேல் விழுகிறது. இதோடு ஜோடியாக வந்த ‘பியர் ஸ்ட்ரீட்’டையும் சேர்த்துப் பாருங்கள், அங்கே எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள், அடகுக்கடை இடிந்து கிடக்கிறது. ஆனால் அங்கேயும் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் மட்டும் கந்தலோடு நிற்கிறார். அதை ஹோகார்த் தெரிந்துதான் போட்டிருக்கிறார் என்பது என் நம்பிக்கை.

இந்தப் படங்கள் என்ன விலைக்கு விற்றன? ஏழைகள் வாங்க முடிந்ததா?
*– கல்லூரி மாணவர், திருச்சி*

ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு கினிக்கு 21 ஷில்லிங், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கேலிப் படம் வண்ணம் இல்லாமல் 6 பென்ஸ், வண்ணம் தீட்டியது 1 ஷில்லிங். நூற்றாண்டின் கடைசியில் பெரிய வண்ணப் படங்கள் 2 ஷில்லிங்குக்கு மேலே போயின. நூற்றாண்டின் நடுவில் லண்டனில் கட்டட வேலைக்குப் போகும் கூலியாளுக்கு நாள் கூலி சுமார் 2 ஷில்லிங். ‘ஜின் லேன்’ ஏழைகளைத் திருத்துவதற்காக முடிந்த அளவு மலிவாகப் போட்டது என்று ஹோகார்த்தே விளம்பரம் செய்தார், அதன் விலை 1 ஷில்லிங், அதாவது அரைநாள் கூலி. வாடகையும் ரொட்டியும் போக அந்த ஆள் எங்கிருந்து படம் வாங்குவார்?

வாங்க முடியாது, ஆனால் பார்க்க முடியும். அச்சுப்படக் கடைகளின் ஜன்னலில் ஒவ்வொரு கண்ணாடிக் கட்டத்துக்கும் ஒரு படம் என்று மாட்டி வைப்பார்கள். கூடை தூக்குபவர், வேலைக்காரப் பெண், வக்கீல், பாதிரியார், ஜேப்படிக்காரர் எல்லோரும் அந்த ஜன்னல் முன்னால் ஒன்றாகத்தான் நின்றார்கள். கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரே 1808-இல் போட்ட ஒரு படத்தில் இந்தக் காட்சியே இருக்கிறது: ஒரு கிழவர் நடைபாதையில் வழுக்கி விழுகிறார், பின்னால் நிற்கும் ஒருவர்கூடத் திரும்பவில்லை, எல்லோர் கண்ணும் ஜன்னலில். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் வாசித்துச் சொல்லியிருப்பார். அப்புறம் மதுக்கடைகளிலும் காப்பிக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

பணக்காரர்களுக்கு வேறு வசதி. பிக்கடில்லியில் எஸ். டபிள்யூ. ஃபோர்ஸ் என்பவரின் கடையில் கேலிப் படங்கள் அடங்கிய பெரிய ஆல்பத்தை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்ததும் சுற்றி உட்கார்ந்து புரட்டுவார்கள். உள்ளே வந்து மொத்தச் சேகரிப்பையும் பார்க்க 1 ஷில்லிங் நுழைவுக் கட்டணம் வாங்கிய கடைகளும் உண்டு. டெர்பிஷயரில் கால்க் அபே என்ற மாளிகையில் ஓர் அறையின் சுவர் முழுக்கக் கேலிப் படங்களையே ஒட்டியிருக்கிறார்கள்.

நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். ஆஃப்செட்டெல்லாம் இல்லாத காலத்தில் இவ்வளவு நுணுக்கமான கோட்டை, அதுவும் கலரில், எப்படி எடுத்தார்கள்?
*– சிவகாசி வாசகர்*

உங்கள் கேள்விக்குத்தான் ஆசையாகப் பதில் எழுதுகிறேன். நன்றாக மெருகேற்றிய செப்புத் தகட்டைச் சூடாக்கி, மெழுகும் பிசினும் கலந்த பூச்சை மெல்லிசாகப் பரப்புவார்கள். அதை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினால் மேலே போடும் கோடு பளிச்சென்று செம்பு நிறத்தில் தெரியும். பிறகு ஊசியால் வரைவது. செம்பைத் தோண்ட வேண்டாம், பூச்சை மட்டும் விலக்கினால் போதும், அதனால் பேனா ஓடுகிற மாதிரி கை ஓடும். தகட்டைச் சுற்றி மெழுகில் வரப்பு கட்டி, நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் கோடு போட்ட இடத்தில் மட்டும் செம்பை அரிக்கும். அப்போது எழும் குமிழிகளை ஒரு பறவை இறகால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு விட்டுவிட்டு வரும். லேசான கோடு போதும் என்கிற இடத்தில் சீக்கிரமே வார்னிஷ் பூசி அமிலத்தை நிறுத்திவிட்டு, கருமை வேண்டிய இடத்தை இன்னும் கொஞ்ச நேரம் அரிக்கவிடுவார்கள்.

அச்சிடும் வேலை வேறு ஆள் கையில். தகட்டைச் சூடாக்கி மையை அழுத்தித் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியாகச் சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால் துடைக்க வேண்டும், மேற்பரப்பில் மை இருக்கக் கூடாது, பள்ளத்தில் மட்டும் நிற்க வேண்டும். காகிதம் கந்தல் துணியில் செய்தது, முன்கூட்டியே நனைத்து வைத்திருப்பார்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே கம்பளித் துணியோடு சேர்த்து இழுத்தால் ஈரக் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். கொடியில் காயப்போட வேண்டியதுதான். நீங்கள் ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்டிருந்தால் உங்களுக்குத் தெரியும், அதில் மேடான பாகம்தான் மை ஏந்தும், இது நேர்மாறு. அதனால்தான் எழுத்தையும் படத்தையும் ஒரே ஓட்டத்தில் அச்சிட முடியாமல், படத்தோடு வரும் பேச்சையெல்லாம் தகட்டிலேயே எழுதினார்கள், அதுவும் இடவலம் மாற்றி. கில்ரே படங்களில் ஒவ்வொரு பாத்திரத்தின் வாயிலிருந்தும் நீள நீளமாகப் பேச்சு வரும், அத்தனையும் அவர் அப்படி இடவலம் மாற்றி எழுதியது. அவர் சிறு வயதில் எழுத்து செதுக்கும் ஒருவரிடம்தான் தொழில் பழகினார்.

கலர் அச்சில் வரவில்லை. ஒரு மாதிரிப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, நீர்வண்ணத்தால் ஒவ்வொரு பிரதியாகக் கையால் தீட்டினார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை அடுத்தடுத்து வைத்தால் ஒன்றில் கோட் நீலமாகவும் இன்னொன்றில் சிவப்பாகவும் இருப்பது சகஜம். அவர்களில் ஒருவர் பெயர்கூடப் படத்தில் இருக்காது.

ஹோகார்த் ஏன் திரும்பத் திரும்பக் கடனையும் சிறையையும் வரைகிறார்?
*– வாசகர், புதுச்சேரி*

வீட்டிலேயே பார்த்தவர். 1697-இல் பிறந்தார், அப்பா பள்ளி ஆசிரியர். அவர் லத்தீன் மொழியில் பேசிக்கொள்பவர்களுக்கென்றே ஒரு காப்பிக்கடை திறந்தார், அது படுத்துவிட்டது, கடன்காரர்கள் ஃப்ளீட் சிறையில் தள்ளினார்கள். ஹோகார்த் அப்போது சிறுவன். அன்றைய சட்டப்படி கடனைக் கட்டும்வரை உள்ளே இருக்க வேண்டியதுதான், உள்ளே இருந்தால் சம்பாதிக்கவும் முடியாது. 1735-இல் அவர் வெளியிட்ட ‘ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ எட்டுப் படங்கள் கொண்ட தொடர்: அப்பன் சேர்த்து வைத்த சொத்தைத் தொலைத்து ஒரு இளைஞன் ஏழாவது படத்தில் அதே ஃப்ளீட் சிறைக்குப் போகிறான், எட்டாவதில் பெட்லம் மனநலக் காப்பகத்தில் தரையில் கிடக்கிறான். பின்னால் பட்டு உடுத்திய இரண்டு சீமாட்டிகள் விசிறியோடு நிற்கிறார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நோயாளிகளைக் காட்சிப்பொருளாகப் பார்க்கப் போவது அன்றைய லண்டனில் ஒரு பொழுதுபோக்கு. அந்தப் படத்தில் நம்மைக் கூச வைப்பது அந்த இரண்டு பெண்கள்தான்.

தொழிலிலும் அவருக்குப் பட்ட அடி உண்டு. 1732-இல் கிராமத்திலிருந்து லண்டன் வந்து சீரழியும் ஒரு பெண்ணின் கதையை ஆறு படங்களாகப் போட்டார், ‘ஹார்லட்ஸ் ப்ராக்ரஸ்’. முன்பணம் கட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள், செட் விலை ஒரு கினி. உடனே கடைக்காரர்கள் திருட்டுப் பிரதி போட்டு மலிவாக விற்றார்கள். ஹோகார்த் சும்மா இருக்கவில்லை. மற்ற கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் மனு கொடுத்து, செதுக்கோவியங்களுக்கு 14 ஆண்டு பதிப்புரிமை தரும் சட்டத்தை வாங்கினார். அது 1735 ஜூன் 25-இல் அமலுக்கு வந்தது, அதுவரை ‘ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ வெளியீட்டைத் தள்ளிப்போட்டார். அப்படியும் திருடர்கள் விடவில்லை. அவர் வீட்டுக்கு ஓவியம் பார்க்கப் போகிறவர்களைப் போல ஆளனுப்பி, பார்த்ததை நினைவில் வைத்து வரையச் சொல்லி, அவருக்கு முன்னாலேயே ஒரு மோசமான பதிப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ராஜாவையே கேலி செய்திருக்கிறார்களே, ஜெயிலில் போடவில்லையா?
*– ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், சேலம்*

நீங்கள் நீதிமன்றத்தில் இருந்தவர், உங்களுக்கு இது எளிதில் புரியும். அச்சிடுவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் 1695-இல் காலாவதியாகிவிட்டது. நாடகங்களுக்கு 1737-இல் தணிக்கை கொண்டுவந்தார்கள், படங்களுக்குக் கொண்டுவரவில்லை. அவதூறு வழக்குப் போடலாம்தான். ஆனால் படத்தில் இருப்பது ராஜாதான் என்று ஜூரிக்கு நிரூபிக்க வேண்டுமே, அரசு வக்கீல் எழுந்து நின்று ‘இந்தப் பருத்த ஆள் எங்கள் இளவரசர்தான்’ என்று வாதாடினால் அடுத்த நாள் அதுவே ஒரு கேலிப் படமாகும்.

1792 ஜூலையில் கில்ரே ஒரு ஜோடிப் படம் போட்டார். ஒன்றில் வேல்ஸ் இளவரசர் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருக்கிறார், இடுப்புப் பட்டன் தெறிக்கும் நிலையில், முள்கரண்டியால் பல் குத்துகிறார். பின்னால் நிரம்பி வழியும் மூத்திரச் சட்டிக்கு அடியில் கட்டாத பில்களைச் செருகி வைத்திருக்கிறார்கள். அடுத்ததில் அவர் அப்பா மூன்றாம் ஜார்ஜ் ஒற்றை முட்டையைச் சாப்பிடுகிறார். கால்சட்டையில் ஒட்டு, நாற்காலி அழுக்காகாமல் இருக்க உறை, கணப்பில் நெருப்பு இல்லாமல் பூங்கொத்து. தகப்பனின் கஞ்சத்தனமும் மகனின் ஊதாரித்தனமும். யாரும் கைதாகவில்லை.

ஆனால் பணம் பேசியது. 1797-இலிருந்து கில்ரேவுக்கு அரசாங்கத் தரப்பிலிருந்து ஆண்டுக்கு 200 பவுண்டு ரகசிய உதவித்தொகை கிடைத்தது, அந்த ஆண்டுகளில் அவருடைய அடி எதிர்க்கட்சி மேல்தான் அதிகம் விழுந்தது. பிரதமர் பிட் பதவி விலகிய 1801 வரை அது ஓடியது. அதே வேல்ஸ் இளவரசர் நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறிய 1820-இல், தன்னை ஆபாசமான நிலையில் வரையாமல் இருக்க ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் என்ற கலைஞருக்கு 100 பவுண்டு கொடுத்த ரசீது இருக்கிறது. வழக்கைவிட இது கலைக்குச் செய்த கேடு பெரிது, ஏனென்றால் வழக்கு வெளியே தெரியும், இது தெரியாது.

இந்தத் தொழிலில் பெண்கள் யாரும் இல்லையா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

இருந்தார்கள், முன் வரிசையிலேயே. கில்ரேவின் புகழ்பெற்ற படங்களில் பெரும்பகுதியை வெளியிட்டவர் ஹன்னா ஹம்ஃப்ரி. திருமணம் ஆகாதவர், ஆனாலும் ‘மிஸஸ்’ என்றே ஊர் அழைத்தது. கடை இடம் மாற மாற, மேல் மாடியில் குடியிருந்த கில்ரேவும் கூடவே மாறினார். 1797-இல் செயின்ட் ஜேம்ஸ் தெரு 27-ஆம் எண்ணுக்கு வந்தார்கள். கடைசி ஆண்டுகளில் கில்ரேவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, 1815-இல் சாகும்வரை பார்த்துக்கொண்டவரும் அவர்தான். 1796-இல் கில்ரே போட்ட ஒரு படத்தில் இந்தம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டி என்ற பெயர் கொண்ட கடைப் பணிப்பெண் உட்பட மூன்று பேரோடு சீட்டாடுகிறார், பந்தயம் ரெண்டு பென்னி. அமைச்சர்களைக் கிழித்துப்போட்ட அதே கை வரைந்த சாதாரண வீட்டு மாலை அது, எனக்கு அவருடைய அரசியல் படங்களைவிடப் பிடித்தது.

அவருக்கு முன்னால் மேரி டார்லி. கணவர் மேத்யூவோடு ஸ்ட்ராண்ட் தெருவில் கடை நடத்தினார், தானே தகட்டில் வரைவார், சீமாட்டிகளுக்கு வகுப்பும் எடுத்தார், ‘உங்கள் படத்தை அனுப்புங்கள், செதுக்கி அச்சிட்டுத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்தார். ஹோகார்த் 1764-இல் இறந்த பிறகு அவர் மனைவி ஜேன்தான் தகடுகளை வைத்து வியாபாரத்தை நடத்தினார், பழைய பதிப்புரிமைக் காலம் முடிந்துகொண்டிருந்ததால் அவருக்கென்று தனியாக 20 ஆண்டு உரிமையை நாடாளுமன்றமே கொடுத்தது.

கேலிப் படங்களில் பெண்கள் தலையில் வரும் அந்த உயரமான கொண்டைகள் உண்மையா?
*– வாசகி, ஈரோடு*

கொண்டை உண்மை, ஏணி வைத்து ஏறும் சிகையலங்காரக்காரர் கேலி. 1770-களில் குதிரைமுடியும் கம்பளியும் உள்ளே திணித்து, கொழுப்புத் தைலம் தடவி, மேலே மாவுப் பொடி தூவி உயர்த்துவார்கள். வாரக்கணக்கில் கலைக்க மாட்டார்கள், பூச்சி அரிக்கும். பொடிக்கு 1795-இல் பிட் ஆண்டுக்கு ஒரு கினி வரி போட்டார். தானியத் தட்டுப்பாடு இருந்த நேரம், தலைக்கு மாவு தூவுவதே அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்தது, வழக்கம் மெல்ல ஒழிந்தது.

இந்தப் படங்களில் நம்ம ஊர் எங்காவது வருகிறதா?
*– வாசகர், தஞ்சாவூர்*

வருகிறது, உங்கள் ஊருக்கே நேரடித் தொடர்பு உண்டு. கில்ரே 1797-இல் போட்ட ‘கவுண்ட் ரூப்பி’ (ரூபாய்ப் பிரபு) படத்தில் ஹைட் பார்க்கில் ஒருவர் குதிரையில் உலாப் போகிறார், அவர் பால் பென்ஃபீல்ட். மெட்ராஸில் கிழக்கிந்திய கம்பெனி வேலையில் சேர்ந்து, ஆற்காடு நவாப் முகமது அலிக்கு வட்டிக்கு விட்டே பெரும் பணக்காரரானவர். தஞ்சாவூர் விளைச்சல் மேலும் வருவாய் மேலும் தனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் உரிமை இருக்கிறது என்று 1776-இல் கேட்டார், கவர்னர் பிகட் பிரபு மறுத்தார். அந்தத் தகராறு முற்றி, பிகட்டை அவருடைய சொந்த கவுன்சில்காரர்களே கைது செய்தார்கள், 1777-இல் காவலிலேயே இறந்தார். காவிரிப் பாசனத்தில் உழைத்தவர்களின் நெல் ஹைட் பார்க் குதிரையாக மாறியதை லண்டன் ஜன்னலில் நின்றவர்கள் ‘ரூபாய்க்காரர்’ என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். புதுப்பணக்காரர் மேல் அவர்களுக்கு எரிச்சல் இருந்தது, நெல் யாருடையது என்ற கேள்வி படத்தில் இல்லை. பென்ஃபீல்ட் கடைசியில் 1810-இல் பாரிஸில் வறுமையில் செத்தார்.

இன்னொன்று 1783 டிசம்பரில் ஜேம்ஸ் சேயர்ஸ் போட்டது. கிழக்கிந்திய கம்பெனியை நாடாளுமன்றத்தின் கைக்குக் கொண்டுவர அமைச்சர் ஃபாக்ஸ் மசோதா கொண்டுவந்தார். படத்தில் அவர் கீழ்த்திசை அரசர் வேஷத்தில் யானை மேல் கம்பெனி அலுவலகத்துக்கு ஊர்வலம் போகிறார், யானைக்கு அவரோடு கூட்டணி வைத்திருந்த நார்த் பிரபுவின் முகம், முன்னால் அவர் கட்சிக்காரர் எட்மண்ட் பர்க் எக்காளம் ஊதுகிறார். அதே மாதத்தில் மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது. நாடாளுமன்றப் பேச்சுகளைவிட இந்தப் படங்கள்தான் தன்னை அதிகம் காயப்படுத்தின என்று ஃபாக்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். 1791-இல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிக்க முடியாமல் மழையில் பின்வாங்கியபோது கில்ரே தன் நாட்டுத் தளபதியைத்தான் கேலி செய்தார், கோட்டை மேல் நின்று திப்பு அவரை அவமதிப்பதாக வரைந்தார்.

இதில் எனக்கு நெருடலாக இருப்பது கறுப்பின மக்களையும் அயர்லாந்துக்காரர்களையும் வரைந்திருக்கும் விதம். இதை ரசிக்கலாமா?
*– ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்*

நெருடத்தான் வேண்டும். பிரெஞ்சுக்காரர் என்றால் தவளை தின்னும் எலும்புக்கூடு, ஸ்காட்லாந்துக்காரர் என்றால் சொறி பிடித்த பஞ்சப்பரதேசி, யூதர் என்றால் பேராசைக்காரர். 1753-இல் யூதர்களுக்குக் குடியுரிமை எளிதாக்கும் சட்டம் வந்தபோது வெளியான படங்கள் வெறுப்பைக் கொட்டின, அந்தச் சட்டம் சில மாதங்களிலேயே ரத்தானது. கேலிப் படக்காரர்கள் அதிகாரத்தை எதிர்த்தார்கள் என்று மட்டும் சொல்லிப் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை. பலமுறை அவர்கள் கூட்டத்தோடு நின்று, நாதியற்றவர்களை அடித்திருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தப் படங்களிலேயே வேறு ஒன்றும் பதிவாகியிருக்கிறது. ‘ஹார்லட்ஸ் ப்ராக்ரஸ்’ இரண்டாவது படத்தில் தேநீர் மேசை கவிழ்கிறது, கெட்டிலோடு வந்த கறுப்பினச் சிறுவன் திகைத்து நிற்கிறான், தலையில் தலைப்பாகை. சர்க்கரை, தேநீர், சீனப் பீங்கான், அந்தப் பையன், எல்லாமே கப்பலில் வந்தவை, ஒரே அறையில் இருக்கின்றன. 1792-இல் அடிமை வணிகத்தை எதிர்த்துப் பல வீடுகளில் சர்க்கரையைப் புறக்கணித்தார்கள், கில்ரே அதை வைத்து அரச குடும்பத்தை வரைந்தார்: ராணி சர்க்கரை இல்லாத தேநீரின் பெருமையைச் சொல்கிறாள், செலவு மிச்சமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள், இளவரசிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். புறக்கணிப்பு அரண்மனை வரை பேச்சாக இருந்தது என்பதற்கு இது சாட்சி. அடுத்த மாதமே ஐசக் க்ரூக்ஷாங்க் போட்ட படத்தில் சிரிக்க எதுவுமே இல்லை: கிம்பர் என்ற கப்பல் தலைவன் ஒரு ஆப்பிரிக்கச் சிறுமியைக் காலைக் கட்டித் தொங்கவிட்டுச் சித்திரவதை செய்த குற்றச்சாட்டு. கிம்பரை நீதிமன்றம் விடுவித்துவிட்டது. படம் இருக்கிறது.

உங்கள் ஆய்வில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒன்றை வைத்து இன்னொன்றை மறைக்க வேண்டாம்.

எங்கே பார்க்கலாம்? எதிலிருந்து ஆரம்பிக்க?
*– பலர்*

பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இலவசமாக இருக்கின்றன. 1935-க்கும் 1954-க்கும் இடையில் டோரதி ஜார்ஜ் என்ற ஆய்வாளர் ஏழு பெரிய தொகுதிகளாக எழுதிய விளக்கங்களையும் பல படங்களோடு அங்கேயே தந்திருக்கிறார்கள், யார் யார், என்ன சம்பவம், என்ன பேச்சு என்று ஒவ்வொன்றாக. போனில் பார்க்காதீர்கள், கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1735 சட்டப்படி வெளியிட்ட நாளும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருந்தாக வேண்டும், பிற்காலத்தில் கடை முகவரியும் சேர்ந்துகொண்டது. அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு அந்த வாரம் லண்டனில் என்ன நடந்தது என்று தேடினால் பாதிப் படம் புரிந்துவிடும்.

ஆரம்பிக்க ‘ஹார்லட்ஸ் ப்ராக்ரஸ்’ முதல் படம் நல்லது. யார்க் வண்டியில் வந்து இறங்கும் பெண்ணைத் தரகுக்காரி முகவாயைத் தொட்டு வரவேற்கிறாள், பக்கத்தில் குதிரை மேல் பாதிரியார் அவளைக் கவனிக்கவே இல்லை, அவர் குதிரை புல்லுக்குத் தலையை நீட்டியதில் ஒரு அடுக்குப் பானை சரிகிறது. கூடையில் ஒரு வாத்து, அதன் கழுத்தில் லண்டனில் இருக்கும் உறவினருக்கு என்று தப்பும் தவறுமாக எழுதிய சீட்டு. அந்த உறவினர் அழைத்துப்போக வரவில்லை. லண்டனில் இருக்கும் வாசகர்கள் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் உள்ள சர் ஜான் சோன் மியூசியத்துக்குப் போகலாம், அனுமதி இலவசம், ‘ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ எட்டு மூல ஓவியங்களும் அங்கேதான். சுவரே கதவு போலத் திறக்கும் ஓர் அறையில் மாட்டியிருக்கிறார்கள், மூடியிருந்தால் ஊழியரிடம் கேளுங்கள், திறந்து காட்டுவார்.